ஆடுபுலியும் அணிபடையும்

சென்ற விடுமுறை கழிந்து கல்லூரி திறந்த கிழமையில் மாணாக்கன் ஒருவன் எம்மிடம் ஒரு வினாவோடு வந்தான். கொழும்பிலே தன் உறவினர் இல்லத்தில், அகன்ற மேசையொன்றின்மேல் இரு படைகள் அணிவகுத்து நிற்கக் கண்டானாம். விரல்நீளமே உயரமுடைய பதுமைகள். ஒருபுறம் வேலேந்திய காலாளர் நிரைநிரையாக நின்றனர். மறுபுறம் பூதங்களும், சிறகுள்ள நாகமொன்றும், எலும்புக் கூட்டு வீரரும் நின்றனர். இருவர் அளவுகோலும் பகடையுங் கொண்டு அப்படைகளை நகர்த்திப் பொருதனர். "ஐயா, ஒரு பூதம் ஓரடியிற் பல காலாளரை வீழ்த்துமாம். அப்படியானால் அஃது எவ்வாறு ஒத்த ஆட்டமாகும்? பூதத்தை உடையவன்தானே என்றும் வெல்வான்?" என்பதே அவனது வினா.

"தம்பி, நீ ஆடுபுலி ஆடியதுண்டா?" என்று கேட்டோம்.

"லயத்தில் எல்லாரும் ஆடுவோம், ஐயா."

"அங்ஙனமாயின் விடையின் பாதியை நீ முன்னமே அறிவாய்" என்றோம். மற்றைப் பாதியை அவனுக்குக் கூறியவாறே இம்மலரின் வாசகர்க்கும் கூற விரும்புகின்றோம். சமனற்ற இரு படைகள் நீதியாகப் பொருதல் கூடும் என்பதும், அத்தகைய போரில் வெற்றி தருவது பெரும்பாலும் வலிமையன்று, ஒழுங்கே என்பதும் யாம் ஈண்டு விளக்கப் புகும் பொருளாகும்.

ஆடுபுலியின் அரங்கு

ஊவாத் தோட்டங்களிலே பிறந்தவர்க்கு இவ்வாட்டத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுத்து முடிந்த மாலைப்பொழுதில், இஸ்தோப்பின் தரையிலோ பீலிக்கரைப் பாறையிலோ கரித்துண்டினாற் கோடு கீறி, கூழாங்கற்களைப் புலிகளாகவும் புளியங்கொட்டைகளை ஆடுகளாகவும் வைத்து ஆடியவர் எம்முள் எத்தனையோ பேர். எனினும் ஆடி அறிந்தவரும் எண்ணிப் பாராத சில கணக்குகள் அதனுள் உள. ஆதலின் அரங்கின் அமைப்பை ஒருமுறை நோக்குவோம்.

உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து விசிறிபோல் விரிந்து இறங்குஞ் சாய்கோடுகள் 4. அவற்றை வெட்டிச் செல்லும் நீண்ட குறுக்குக்கோடுகள் 3. அவற்றின் முனைகளை இருமருங்கும் இரு நிலைக்கோடுகள் இணைக்கும். சாய்கோடுகளின் அடிகளை இணைப்பது அடிக்கோடு. உச்சியில் 1, குறுக்குக்கோடு ஒவ்வொன்றிலும் 6 வீதம் 18, அடிக்கோட்டில் 4. ஆகப் புள்ளிகள் 23.

புலிகள் 3, ஆடுகள் 15. புலிகள் உச்சியிலும் அதனை அடுத்த குறுக்குக்கோட்டின் நடுப்புள்ளிகள் இரண்டிலும் தொடக்கத்திலேயே அமரும். ஆடுகள் முறைக்கொன்றாக அரங்கில் இறங்கும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் அசையலாகாது; புலியோ முதல் முறையிலிருந்தே அசையவும் வெட்டவும் உரிமையுடையது. கோட்டின் வழியே அடுத்த புள்ளியில் ஆடு நிற்க, அதற்கப்பாற் புள்ளி வெறுமையாயின், புலி தாவி வீழ்ந்து அவ்வாட்டை வெட்டும். ஆடு எதனையும் வெட்டமாட்டாது. மூன்று புலிகளும் அசைய இடமின்றி அடைபட்டால் ஆட்டுக்காரன் வென்றான். அடைக்க இயலாத அளவிற்கு ஆடுகள் குறைந்தாற் புலிக்காரன் வென்றான். ஊர்தோறும் சிறு வேறுபாடுகள் உண்டேனும் பொதுநெறி இதுவே.

இவ்விதிகளை முதன்முறை கேட்பவன் ஆடுகளுக்காக இரங்குவான். அசையாதது, வெட்டாதது, வெட்டுண்பது; இத்தகைய படை எவ்வாறு வெல்லும்? விடை அரங்கிலேயே உளது.

அரங்கின் நடுப்புள்ளி ஒன்றில் நிற்கும் புலியை அடைக்க எத்தனை ஆடுகள் வேண்டும் என எண்ணுக. அதனைச் சூழ்ந்த புள்ளிகள் 4. அவற்றிற் காய் இருப்பினும், அப்பாற் புள்ளி வெறுமையாயிற் புலி தாவிவிடும். ஆதலின் அப்பாற் புள்ளிகள் 4-ஐயும் நிரப்பல் வேண்டும். ஆக 8. உச்சியிலுள்ள புலிக்கும் இவ்வாறே 8 வேண்டும். ஆனால் முதற் குறுக்குக்கோட்டின் முனையில் நிற்கும் புலிக்கு அண்டைப் புள்ளிகள் 2, அவற்றிற்கு அப்பாற் புள்ளிகள் 2. ஆக 4 போதும். நடுவில் எட்டாடு கொண்டு அடைக்க வேண்டிய புலியை மூலையில் நாலாடு அடைக்கும்! புலியின் வலிமை புலியிடத்தில் மட்டும் இல்லை; அது நிற்கும் இடத்திலும் உளது.

இனி ஆட்டின் பக்கம் நோக்குவோம். எந்தக் கோட்டிலும் இடைப்புள்ளியாக அமையாமல், தன்வழிச் செல்லும் எல்லாக் கோடுகளுக்கும் முனையாக மட்டும் அமையும் புள்ளியில் நிற்கும் ஆட்டை எப்புலியாலும் தாண்ட இயலாது. அத்தகைய புள்ளிகள், உச்சியை நீக்கினால், 6: முதற் குறுக்குக்கோட்டின் இரு முனைகள், மூன்றாங் குறுக்குக்கோட்டின் இரு முனைகள், அடிக்கோட்டின் இரு முனைகள். முதல் ஆறு ஆடுகளை அவ்வாறு இடங்களில் இறக்கியவன் ஓர் ஆட்டையும் இழவான். அவை நின்றபின், நடுக் குறுக்குக்கோட்டின் இரு முனைகளும், அடிக்கோட்டின் இரு நடுப்புள்ளிகளும் தாமாகவே பாதுகாப்புடையனவாகும். ஏனெனில் தாவி இறங்கவேண்டிய புள்ளியிலே முன்னரே ஓர் ஆடு நிற்கின்றது. ஆகப் பத்தாடுகள் சேதமின்றி அமரலாம். இங்ஙனம் ஓரத்திலிருந்து உள்நோக்கி, ஒவ்வோர் ஆட்டின் பின்னும் ஓர் ஆடு நிற்குமாறு நிரைகட்டி வருவதே ஆட்டுப்படையின் கலை. நடுவே தனித்து இறங்கிய ஆடு வீரமுடையதாய்த் தோன்றும். அடுத்த முறையில் அது அரங்கில் இராது.

புலிக்காரனும் வாளா இரான். ஓரப்புள்ளியை முந்திப் பிடிக்கப் பார்ப்பான். நிரை மூடுமுன் அதனைக் குலைக்கப் பார்ப்பான். தன் புலிகளை நெருங்கவிடாமலுங் காப்பான்; புலிக்கு அருகே நிற்கும் புலி, ஆட்டுக்காரனுக்குச் செலவின்றிக் கிடைத்த தடையாகுமன்றோ? பதினைந்தாம் ஆடு இறங்கியபின் அவனுக்கு நற்காலம் வரும். 18 காய்கள் நிற்க, 5 புள்ளிகளே வெறுமையாய் எஞ்ச, ஆடு கட்டாயம் அசைந்தாக வேண்டும். அசைந்த ஆடு தான் விட்ட இடத்தில் ஒரு துளையை விட்டுச் செல்லும். நிரையைக் கட்டுதல் அரிது. கட்டிய நிரையைக் குலையாது நகர்த்துதல் அதனினும் அரிது. இவ்வொரு செய்தியை நெஞ்சில் நிறுத்துக. பின்னர் மீண்டும் வேண்டப்படும்.

இத்தகைய ஆட்டம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. நம் அயலிலுள்ள சிங்கள மக்களிடையே வழங்கிய 'திவியன் கெலிய' எனும் சிறுத்தை ஆட்டத்தை, நீர்ப்பாசனப் பகுதியிற் பணியாற்றிய என்றி பார்க்கர் 1909-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பண்டை இலங்கை' எனும் ஆங்கில நூலிற் குறித்துள்ளார். நேபாளத்து 'பாக் சால்' 25 புள்ளிகளில் 4 புலிகளும் 20 ஆடுகளுங் கொண்டு ஆடப்படுவது. லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் எனும் இரு கணினி அறிஞர் அவ்வாட்டத்தைக் கணினிகொண்டு ஆராய்ந்து, இருவரும் பிழையின்றி ஆடினால் அது வெற்றி தோல்வியின்றி முடியும் என இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவினர். நான்கு புலியும் இருபது ஆடும் துலாக்கோலின் இரு தட்டுக்கள் போல ஒத்து நிற்கின்றன என்பது இதன் பொருள். பெயரறியா முன்னோர் ஆடியாடியே அவ்வெண்களைக் கண்டு நிறுத்தினர் என்பது வியத்தற்குரியது.

சதுரங்கத்திலிருந்து மாயப்படைக்கு

சதுரங்கம் வேறுவகைப்பட்டது. யானை, தேர், குதிரை, காலாள் எனும் நால்வகைப் படையின் பெயரால் அமைந்த அவ்வாட்டத்தில் இருபடையும் முற்றும் ஒத்தன. முதலில் அசையும் உரிமை ஒன்றே வேறுபாடு. ஆனால் மெய்யான போரில் ஒத்த படைகள் எதிர்ப்படுதல் அரிது. இக்குறையை உணர்ந்தே புருசிய நாட்டு அலுவலர் கியோர்க் லியோபோல்ட் வொன் றைஸ்விற்ஸ் 1812-ஆம் ஆண்டில் தம் அரசனுக்கு ஒரு போர்ப் பயிற்சி ஆட்டத்தைக் காட்டினார். அவர்தம் மைந்தர் 1824-ஆம் ஆண்டில் அதனைத் திருத்தி, நிலப்படத்தின்மேற் படைகளை நகர்த்தவும், சேதத்தைப் பகடையால் முடிவு செய்யவும், நடுவர் ஒருவர் தீர்ப்புக் கூறவும் விதி வகுத்தார். படை அலுவலரின் பாடமாக இருந்ததனை இல்லத்து விளையாட்டாக ஆக்கியவருள் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் முதன்மையானவர்; ஈயப் பதுமைகளைத் தரைமேல் நிறுத்தி ஆடும் முறையை 'சிறு போர்கள்' எனும் நூலாக 1913-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அமெரிக்காவில் 1971-ஆம் ஆண்டில் கேரி கைகக்ஸ், ஜெப் பெரன் எனும் இருவர் எழுதிய 'செயின்மெயில்' எனும் விதிநூல், இடைக்காலப் படைகளோடு பூதங்களையும் மாயவித்தையையும் சேர்த்தது. பின்பு 1983-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக் கேம்ஸ் வொர்க்ஷொப் நிறுவனம் 'வார்ஹம்மர்' எனும் ஆட்டத்தை வெளியிட்டது. எம் மாணாக்கன் கொழும்பிற் கண்டது இவ்வகையைச் சார்ந்ததே. அப்பழைய ஆட்டம் 2015-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டு வேறோர் ஆட்டம் அதன் இடத்தைப் பெற்றது. எனினும் பழைய முறையை விரும்புவார் பொருட்டு 2024-ஆம் ஆண்டில் அது புதுவடிவில் மீண்டும் வந்துளது. விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறியுள்ளன. அடிப்படை நெறிகள் பெரிதும் மாறவில்லை.

அந்நெறிகளை விளக்க நமக்கு வேற்று நாட்டு நூல் வேண்டுவதில்லை. வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் எனும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அம்மூன்றுமே இவ்வாட்டத்தின் மூன்று திறவுகோல்கள்.

வலி

மாணாக்கனின் வினாவிற்கு நேர்விடை இங்குளது. ஒவ்வொரு பதுமைக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. எடுத்துக்காட்டாக, காலாள் ஒருவனுக்கு 10, குதிரை வீரனுக்கு 25, பூதமொன்றிற்கு 200 எனக் கொள்வோம். இரு தலைவரும் 2000 மதிப்பெண் அளவிற்குப் படை திரட்டலாம் என்பது உடன்படிக்கை; போட்டிகளில் இவ்வளவு பெருவழக்காக இருந்துள்ளது. ஒருவன் 200 காலாளரைக் கொள்வான். மற்றவன் 10 பூதங்களைக் கொள்வான். இருவரின் பணப்பையும் ஒன்று. வாங்கிய சரக்கே வேறு. புலி மூன்றாகவும் ஆடு பதினைந்தாகவும் அமைந்ததன் காரணமும் இதுவே. முன்னோர் எழுதாது விட்ட விலைப்பட்டியலை இவர்கள் எழுதி வைத்தனர்.

விலை மட்டும் போதாது. செல்வன் தன் பொருள் முழுவதையும் ஓர் அரிய வீரனிடத்தே கொட்டிவிடாதவாறு வரம்புகளும் உள. 2010-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, படை மதிப்பில் நாலில் ஒரு பங்கேனும் சாதாரணப் படைவீரர்க்குச் செலவிடப்படல் வேண்டும். பெருந்தலைவர்க்கு நாலில் ஒரு பங்கிற்கு மேற் செலவிடலாகாது. வேந்தனும் வேழமும் மட்டும் படையாகா. வேல் பிடிக்கும் எளியோனும் வேண்டும் என்பதே இவ்விதியின் கருத்து.

சமர் புரியும் முறையும் எளிது. ஆறுமுகப் பகடையை உருட்டி அடி பட்டதா என முதலிலும், பட்ட அடி காயப்படுத்தியதா என இரண்டாவதும், கவசம் காத்ததா என மூன்றாவதும் பார்ப்பர். பத்து அடிகள் விழுகின்றன என்க. 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும். அதே எண்ணிற் காயமாகும். 5 அல்லது 6 விழுந்தாற் கவசம் காக்கும். பத்திற் பாதி 5. அதிற் பாதி இரண்டரை. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கவசம் காக்க, சராசரியாக வீழ்பவர் இருவருக்கும் குறைவே. பத்து அடிக்கு இருவரும் வீழார் என அறிந்தவன், எதிரியை வெட்டியே வெல்வேன் என்று மனப்பால் குடிக்கமாட்டான்.

காலம்

ஆட்டம் முறைமுறையாக நடக்கும். பழைய பதிப்புகளில் ஒவ்வொரு முறையிலும் நகர்தல், மாயவித்தை, எய்தல், கைகலத்தல் எனும் நான்கு கட்டங்கள் வரிசையாக வந்தன. வழக்கமாக ஆறு முறைகளோடு போர் முடியும். ஆதலின் தயங்கி நின்றவன் தோற்பான்.

மனிதக் காலாள் ஒரு முறையில் 4 அங்குலமும், கவசச் சுமையற்ற குதிரை 8 அங்குலமும் நகரும். பாய்ந்து தாக்கும்போது அவ்வளவு இருமடங்காகும் என்பது 2000, 2006-ஆம் ஆண்டுப் பதிப்புகளின் விதி. அக்காலத்தில் முன்கூட்டி அளந்து பார்க்கவும் தடையிருந்தது. கண்ணளவாற் கணித்தல் வேண்டும். பதினேழங்குலத்தில் நிற்கும் காலாளனைக் குதிரை எட்டாது, பதினாறங்குலத்தில் எட்டும். ஓரங்குலத்திற்காக ஒரு முறை முழுவதும் பொறுத்திருந்தவன், அடுத்த முறையில் முதலடி அடிப்பான்.

பொறுத்திருத்தலோடு பொறிவைத்தலும் உண்டு. விலைகுறைந்த சிறு குதிரைக்கூட்டம் ஒன்றை எதிரியின் பெரும்படைக்கு முன்னே நிறுத்துவர். தாக்க வந்தால் அக்கூட்டம் ஓடிவிடும். துரத்தி வந்த பெரும்படை தன் அணியை விட்டு முன்னேறி, பக்கத்தைக் காட்டி நிற்கும். அப்போது மறைவில் நின்ற படை அதன்மேற் பாயும். ஆட்டைக் காட்டி வேங்கை பிடித்தல் என்று நம் பாட்டிமார் கூறும் பழமொழியின் படைவடிவம் இதுவே.

இடம்

எல்லாவற்றிலும் ஆழமான பாடம் இடத்தைப் பற்றியது. பண்டைத் தமிழர் முற்செல்லும் படையைத் தூசி எனவும் பின்னணியைக் கூழை எனவும் வழங்கினர். முன்னும் பின்னும் பக்கமும் ஒன்றல்ல என அவர் அறிந்திருந்தனர். இவ்வாட்டமும் அதனையே எண்ணாற் காட்டுகின்றது.

மேற்கூறிய 2000, 2006-ஆம் ஆண்டுப் பதிப்புகளின் கணக்கைக் கொள்வோம். வரிக்கு ஐவராக ஐந்து வரியில் 25 காலாளர் கொடியோடு நிற்கின்றனர். அவர்களை எதிர்முகமாகக் கொடியுடைய ஐந்து கவசக் குதிரைவீரர் தாக்குகின்றனர். குதிரைவீரர் மூவரைக் கொன்றனர். காலாளர் எவரையும் கொல்லவில்லை. யார் வென்றவர்? கணக்கைப் பாருங்கள். குதிரைப்படைக்குக் கொலை 3, கொடி 1, ஆக 4. காலாட்படைக்குப் பின்வரிகளின் ஆதரவு 3, கொடி 1, எண்ணிக்கை மிகுதி 1, ஆக 5. ஓர் எதிரியையும் கொல்லாத காலாளர் வென்றனர்! தோற்ற குதிரைவீரர் இரு பகடைகளை உருட்டித் தம் மனவுறுதியைச் சோதித்தல் வேண்டும். அவர்தம் உறுதி எண் 8 என்க. ஓரெண்ணால் தோற்றமையின் 7 அல்லது அதற்குக் கீழ் விழுதல் வேண்டும். 36 வாய்ப்பில் 21 அவ்வாறு விழும். எஞ்சிய 15-இல் அவ்வரிய வீரர் புறமுதுகிட்டு ஓடுவர்.

அதே குதிரைவீரர் அதே காலாளரைப் பக்கத்திலிருந்து தாக்கினால் என்ன நிகழும்? பின்வரிகளின் ஆதரவு அற்றுப்போம். காலாளர்க்குக் கொடி 1, எண்ணிக்கை 1, ஆக 2. குதிரைப்படைக்குக் கொலை 3, கொடி 1, பக்கத்தாக்கு 1, ஆக 5. மூன்றெண்ணால் தோற்ற காலாளரின் உறுதி எண் 7 எனின், இனி 4 அல்லது அதற்குக் கீழ் விழுதல் வேண்டும்; 36 வாய்ப்பில் ஆறே. ஆறில் ஒரு பங்கே அவர் நிற்பர். ஐந்து பங்கு சிதறி ஓடுவர்.

வீரர் அவரே, வேலும் அதுவே, வீழ்ந்தவர் தொகையும் மூவரே. முகம் திரும்பிய திசை ஒன்றே மாறியது. ஆடுபுலியில் ஓராட்டின் பின் ஓராடு நின்றாற் புலி தாவ இயலாது என்றோம். இங்கும் ஒருவன் பின் ஒருவன் நிற்பதே வலிமையாகின்றது. எவரையும் வெட்டாத ஆடு வெல்வதும், எவரையும் கொல்லாத காலாளர் வெல்வதும் ஒரே நெறியின் இரு தோற்றங்கள். நிரையைக் குலையாது நகர்த்துதல் அரிது என முன்னே கூறியதும் இங்கு நினைவிற்கு வருக. பெரும்படையைத் திருப்பவும் விலக்கவும் நேருங்காலத்திலேதான் அதன் பக்கம் எதிரிக்குத் திறக்கின்றது.

ஊவா கண்ட ஒரு போர்

இது மேசைக் கணக்கு மட்டுமோ எனின், அன்று. 1630-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா த நொரோஞ்ஞா, செனரத் மன்னனின் கண்டி இராச்சியத்தின்மேற் படையெடுத்து ஊவாவினுட் புகுந்தான். பதுளை நகரை எரித்தான். பெருந்தடை எதுவும் அவனை வழியில் நிறுத்தவில்லை. திரும்பும் வழியில், வெல்லவாயவை அடுத்த ரந்தெனிவெலயில் கண்டிப்படை அவனைச் சூழ்ந்தது. அவனுடன் வந்த லஸ்கரின் எனப்படும் உள்நாட்டுப் படையினர் தம் முதலிமார் தலைமையிற் பக்கம் மாறினர். தளபதி களத்தில் வீழ்ந்தான். அவன் படை அழிந்தது. அதற்கு முன் 1594-ஆம் ஆண்டில் தந்துரையிலும், பின் 1638-ஆம் ஆண்டில் கன்னொருவவிலும் போர்த்துக்கேயர் இவ்வாறே மலைநாட்டினுட் புகுந்து மீளும் வழியில் அழிந்தனர்.

இதனை ஆட்டத்தின் கண்கொண்டு நோக்குக. துப்பாக்கியும் கவசமும் உடைய படை புலி. அதன் வலிமை கடற்கரைக் கோட்டைகளை அண்டி நிற்குமளவும் பெரிது. அதனைத் தடுக்காமல் மலைகளுக்குள் வரவிட்டு, திரும்பும் ஒடுங்கிய வழியில் அடைத்தனர். நடுவில் எட்டாடு வேண்டிய புலிக்கு மூலையில் நாலாடு போதுமன்றோ! மேலும், அவன் தன் படைத்தொகையில் லஸ்கரின் வீரரைத் தன்னவர் எனக் கணக்கிட்டான். அவர்தம் மனவுறுதி எத்திசையில் நின்றது என்பதைக் கணக்கிடவில்லை. பகடையால் உறுதியைச் சோதிக்கும் விதி வெறும் விளையாட்டு விதியன்று என்பதற்கு ஊவா மண்ணே சான்று.

போரை விளையாட்டாக்கலாமோ?

இவ்வளவுங் கேட்ட ஆசிரிய நண்பர் ஒருவர் எம்மைத் தடுத்து ஒரு கேள்வி கேட்டார். அக்கேள்வியை மறைத்தல் முறையன்று. வார்ஹம்மர் முதன்முதல் வெளிவந்த அதே 1983-ஆம் ஆண்டின் ஆடி மாதத்திலேதான் பதுளை நகரத் தமிழர் கடைகளும் இல்லங்களும் தீக்கிரையாயின. 2009-ஆம் ஆண்டுவரை இந்நாடு போரிற் கிடந்தது. அத்தகைய நாட்டிலே, பிள்ளைகளின் கையிற் படையைக் கொடுத்துப் பொருதச் செய்தல் தகுமோ என்றார்.

யாம் நெடுநேரம் எண்ணினோம். அவர் அச்சம் நியாயமானதே. ஆயினும் இவ்வாட்டத்தின் இயல்பையும் நோக்குதல் வேண்டும். இதிற் பகைவன் என ஒருவன் இல்லை. மேசைக்கு அப்பால் நிற்பவன் நண்பன். அடுத்த ஆட்டத்தில் இருவரும் படையை மாற்றிக்கொள்வர். இன்று புலியானவன் நாளை ஆடாவான். விதி இருவர்க்கும் ஒன்று. ஐயம் எழுந்தால் விதிநூலைத் திறப்பர், குரலை உயர்த்தார். ஒவ்வொரு பதுமைக்கும் விலை உண்டென்பதால், வீணே ஒன்றை இழக்கவும் மனம் வராது. வெல்ஸ் தம் நூலை வெளியிட்ட மறு ஆண்டில் உலகப் பெரும்போர் மூண்டது. அவரோ அந்நூலிலேயே, சிலமுறை இவ்வாட்டத்தை ஆடிப் பார்த்தவன் மெய்ப்போர் எத்துணைப் பேதைமையானது என உணர்வான் என்னுங் கருத்தை வலியுறுத்தியிருந்தார். விதியும் நடுவரும் இல்லாத போரையே நாம் அஞ்சவேண்டும். விதிக்கு அடங்கிப் பொருதுதலைப் பழகியவன் அதனை எளிதில் விரும்பான்.

வேறொரு காரணமும் உண்டு. எம் மாணாக்கருட் பலர் தம்மை ஆடுகளாகவே எண்ணி வளர்கின்றனர். எதிரே நிற்பவை எல்லாம் புலிகளாகத் தோன்றுகின்றன. மேல்வகுப்புத் தேர்வு ஒரு புலி, வறுமை ஒரு புலி, அயலூர்ப் பெரும் பள்ளிகள் ஒரு புலி. அவர்க்கு, 'நீ ஆடல்லை, புலி' என்று பொய்யுரை கூறுதலால் பயனில்லை. ஆடும் வெல்லும் வழி உண்டு. அது தனித்துப் பாய்தலன்று, ஓரத்திலிருந்து ஒருவர்பின் ஒருவராக நிரை கட்டி வருதலே என்று அரங்கிலேயே காட்டுதல் பயனுடையது.

தொடங்குதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. இறக்குமதிப் பதுமைகள் விலை மிக்கனவே. ஆனால் விதிகளுக்குப் பதுமையின் அழகு வேண்டா. தடித்த அட்டையை வெட்டி, அடியிற் களிமண் வைத்து நிறுத்தினாற் காலாள் ஆகிவிடும். ஓர் அளவுநாடா, நான்கைந்து பகடைகள், பழைய மேசை ஒன்று, மலையும் ஆறுமாக விரிக்க ஒரு பச்சைத் துணி, இவை போதும். ரந்தெனிவெலயையே ஒரு குழுவினர் மேசைமேல் அமைத்து, லஸ்கரின் வீரரின் உறுதி எண் யாதாக இருத்தல் வேண்டும் என வாதிட்டால், வரலாற்றுப் பாடமும் கணக்குப் பாடமும் ஒருங்கே நடந்தேறும். அதற்கு முன் ஒவ்வொருவரும் ஆடுபுலியில் அந்த ஆறு ஓரப்புள்ளிகளையும் கண்டறிந்து வருதல் வேண்டும் என்பது எம் நிபந்தனை.

எம்மிடம் வினவிய மாணாக்கன் மறுகிழமை மீண்டும் வந்தான். முகம் சற்று வாடியிருந்தது. ஆறு புள்ளிகளின் செய்தியைத் தன் தங்கையிடம் கூறிவிட்டுத் தான் புலியாக அமர்ந்தானாம்; அச்சிறுமி மூன்று ஆட்டத்திலும் அவனை அடைத்துவிட்டாளாம். "இனி நான் ஆடுகளை எடுக்கப் போகின்றேன், ஐயா" என்றான்.

பழைய மாணவர்காள்! உங்களுள் வெளியூர்களில் உயர்ந்த நிலையில் இருப்போர் பலர். முன்வரியில் நிற்பவன் உறுதியாய் நிற்பது, தன் பின்னே வரிகள் உள என்னும் நம்பிக்கையால். அவ்வரிகள் நீங்களே. விழா நாளில் கல்லூரிக்கு வரும்போது மாணாக்கரோடு ஓராட்டம் ஆடிச் செல்லுங்கள். கரித்துண்டும் புளியங்கொட்டையும் யாம் வைத்திருப்போம்.